தோண்டிய மண்ணில் எண்ணெய்: வாசகர் கேள்வி – பதில்

பெட்ரோல் பங்க், ஜெனரேட்டர் அறை, பழைய எண்ணெய்க் கிடங்கு போன்ற இடங்களில் தோண்டி எடுத்த மண்ணை எப்படிச் சோதிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் லேப் அறிக்கையில் உள்ள எண்ணைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்த எண்ணில் பாதிக்கு மேல் பள்ளத்தின் ஓரத்திலேயே முடிவாகிவிடுகிறது. மாதிரி எடுக்கும்போது காற்றில் போன பெட்ரோலை எந்த மெஷினாலும் கணக்கில் கொண்டுவர முடியாது.

கேள்வி: பங்கில் பழைய டேங்குகளை எடுத்துவிட்டுப் புதியவை புதைக்கிறோம். சுமார் 150 கன மீட்டர் மண் வெளியே கிடக்கிறது. எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்? எங்கிருந்து? — வாசகர், திண்டிவனம்

எண்ணிக்கைக்கு முன்னால் குவியலைப் பாருங்கள். எல்லா மண்ணும் ஒரே மேடாகக் கிடந்தால் பாதி வேலை கெட்டுவிட்டது. பொக்லைன் ஓடும்போதே மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும்: வாடையும் கறையும் உள்ளது ஒன்று, சுத்தமாகத் தெரிவது ஒன்று, சந்தேகமானது ஒன்று. டேங்குக்கு மேலே மூடியிருந்த மண் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். குழாய் இணைப்புக்கும் எண்ணெய் ஊற்றும் வாய்க்கும் கீழே இருக்கும் மண்தான் கெட்டிருக்கும். இரண்டையும் கலந்தால் எல்லாவற்றையும் கெட்ட மண்ணாகவே கணக்கில் வைத்து அதற்கான செலவைச் செய்ய வேண்டிவரும்.

எண்ணிக்கைக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சூழலியல் துறை வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. கன கெஜத்தில் உள்ளதை மீட்டருக்கு மாற்றினால், 76 கன மீட்டர் வரை 3 மாதிரி, 382 வரை 5, 765 வரை 7, 1,529 வரை 10. அதற்கு மேல் ஒவ்வொரு 382 கன மீட்டருக்கும் ஒன்று கூட்ட வேண்டும். உங்கள் 150 கன மீட்டருக்கு 5 வரும். இது ஒரே குவியலுக்கான கணக்கு. மூன்றாகப் பிரித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பாருங்கள். தோண்டிய மண் உப்பும் என்பதையும் மறக்க வேண்டாம். பள்ளத்தின் அளவைவிடக் குவியல் 20 முதல் 30 சதவீதம் பெரிதாக இருக்கும். அளக்க வேண்டியது குவியலை.

மாதிரியை மேற்பரப்பிலிருந்து வழித்து எடுக்காதீர்கள். வெயில் பட்ட மேல்மண்ணில் பெட்ரோல் நிற்காது. 15 முதல் 30 சென்டிமீட்டர் உள்ளே தோண்டி, புதிதாகத் திறந்த முகத்திலிருந்து எடுங்கள். குவியல் பல நாள் கிடந்திருந்தால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். ஐந்து இடங்களையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. குவியலைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பை சோதனை செய்து (அதைக் கீழே விளக்கியிருக்கிறோம்), மோசமாகக் காட்டும் இடங்களிலிருந்து லேபுக்கு எடுங்கள். நல்ல இடமாகப் பார்த்து எடுத்துச் சுத்தம் என்று எழுதி வாங்கிய மண், யாரோ ஒருவர் வீட்டு அஸ்திவாரத்துக்கு நிரப்பு மண்ணாகப் போய்ச் சேரும்.

குவியலுக்கு அடியில் 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பு, சுற்றிலும் மண் வரப்பு, மேலே தார்ப்பாய், தார்ப்பாய் பறக்காமல் மணல் மூட்டை. விரிப்பு இல்லாமல் வெறுந்தரையில் கொட்டியிருந்தால், குவியலை அள்ளிய பிறகு அந்தத் தரையையும் சோதிக்க வேண்டும்.

கேள்வி: லேபில் 'ஆயில் அண்ட் கிரீஸ்' சோதனை போதும் என்கிறார்கள். விலையும் குறைவு. போதுமா? — வாசகர், ஓசூர்

போதாது. பெட்ரோல் சிந்திய இடத்துக்கு அது முற்றிலும் தவறான சோதனை. அந்த முறையில் மண்ணைக் கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சிய பிசுக்கை எடை போடுகிறார்கள். கரைப்பானோடு பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். டீசலிலும் லேசான பகுதி போய்விடும். அதே சமயம் இலைதழையின் மெழுகும் தேங்காய் எண்ணெயும் அப்படியே எடையில் சேரும். இருப்பதை விட்டுவிட்டு இல்லாததைச் சேர்க்கும் கணக்கு இது.

எந்த எரிபொருள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனை அதிலிருந்து வரும். பெட்ரோல் என்றால் மூலக்கூறில் 6 முதல் 10 கார்பன் அணு வரையிலான லேசான பகுதியும், பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய நான்கும். 2000-க்கு முந்தைய டேங்க் என்றால் ஈயமும் சேர்க்க வேண்டும். இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். டீசலுக்கு 10 முதல் 28 கார்பன் வரையிலான பகுதியும் நாப்தலீனும். மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும் இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவில் விழும். ஒன்றை மட்டும் கேட்டால் மீதி தப்பிவிடும். ஃபர்னஸ் ஆயில் என்றால் பி.ஏ.எச். எனப்படும் பல்வளைய நறுமணச் சேர்மங்கள் கட்டாயம். பழைய என்ஜின் ஆயிலுக்கு இவற்றோடு கன உலோகங்களும் குளோரின் கலந்த கரைப்பான்களும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் என்றால் பி.சி.பி. எனப்படும் நச்சுக் குளோரின் சேர்மங்களைப் பார்க்காமல் விடக்கூடாது.

லேபிடம் 'டி.பி.எச்.', அதாவது மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவர்கள் எதை வேண்டுமானாலும் செய்து தரலாம். எந்தக் கார்பனிலிருந்து எந்தக் கார்பன் வரை, எந்த முறையில் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். இ.பி.ஏ. (அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை) 8015 என்றால் ஜி.சி. எனப்படும் வாயு குரோமட்டோகிராஃப் கருவியில் எஃப்.ஐ.டி. என்ற சுடர் உணரியோடு, பென்சீன் வகைக்கு 8260, ஐ.எஸ்.ஓ. 16703 என்றால் 10 முதல் 40 கார்பன் வரை. கடைசியில் சொன்ன முறையில் பெட்ரோல் சிக்கவே சிக்காது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு பங்க் மண் சுத்தம் என்று சொல்வது தவறு. லேபுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறது என்பதோடு நிற்காமல், அங்கீகாரப் பட்டியலில் மண்ணுக்கு இந்தச் சோதனை இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீருக்கு மட்டும் வாங்கியிருப்பார்கள்.

கேள்வி: பள்ளத்தில் நின்றால் பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அறிக்கையில் பென்சீன் 'கண்டறியப்படவில்லை' என்று வந்திருக்கிறது. லேப் ஏமாற்றுகிறதா? — வாசகர், தூத்துக்குடி

லேபைச் சந்தேகிக்கும் முன் மாதிரி எதில் போனது என்று பாருங்கள். கடிதத்தோடு அனுப்பிய படத்தில் மண் ஜிப் பையில் இருக்கிறது. அங்கேதான் தவறு. பாலிதீன் பை பென்சீனைத் தடுக்காது, உறிஞ்சவும் வெளியே விடவும் செய்யும். பையில் மண்ணுக்கு மேல் காற்று வேறு. வெயிலில் நின்ற வண்டியில் சில மணி நேரம் போனாலே லேசான பகுதி கிளம்பிவிடும். வாய் அகன்ற ஜாடியில் நிரப்பி அனுப்பினாலும், லேபில் திறந்து கிளறி எடை போடும்போது கணிசமாகப் போய்விடும்.

ஆவியாகும் பொருள்களுக்கு இ.பி.ஏ. 5035 முறையில் மண்ணை எடுத்த இடத்திலேயே மெத்தனாலில் போட்டு மூடிவிட வேண்டும். லேப் 40 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் அளந்த மெத்தனால், வழக்கமாக 5 அல்லது 10 மில்லி, ஊற்றி எடை போட்டுத் தரும். தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆகவே கடையில் தேடாமல் லேபிடமே நிரப்பிய குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள், எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுங்கள். கொடிய விஷம் அது, தளத்தில் பொறுப்பான ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

எடுக்கும் விதம் இது. 10 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சின் ஊசி முனையை வெட்டிவிட்டால் அது ஒரு சின்னக் குழாய். புதிதாகத் திறந்த மண் முகத்தில் அதைக் குத்தினால் சுமார் 3 மில்லி மண், அதாவது ஏறக்குறைய 5 கிராம், உள்ளே வரும். வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, குப்பியைத் திறந்து, மெத்தனால் தெறிக்காமல் மெதுவாகத் தள்ளுங்கள். அடுத்ததுதான் பலர் விடும் படி: குப்பியின் திருகில் ஒட்டிய மணலைச் சுத்தமான டிஷ்யூவால் துடைக்காமல் மூடாதீர்கள். ஒரே ஒரு மணல் துகள் போதும், மூடி முழுசாக உட்காராது, வழியெல்லாம் மெத்தனால் கசியும். லேபில் எடை குறைந்தால் அந்த மாதிரி செல்லாது. குப்பியின் மேல் கூடுதல் லேபிளோ டேப்போ ஒட்டக் கூடாது. வெறும் குப்பியின் எடையைக் கழித்துத்தான் மண்ணின் எடையைக் கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் ஒட்டிய லேபிள் மண்ணாகக் கணக்கில் சேரும். ஏற்கெனவே உள்ள லேபிளில் எழுதுங்கள். மார்க்கர் மை மெத்தனால் பட்டால் கரைந்து ஓடும்.

ஓரிடத்துக்கு மெத்தனால் குப்பி இரண்டு, ஈரப்பதம் பார்க்க மெத்தனால் இல்லாத சிறு ஜாடி ஒன்று, டீசல் பகுதிக்கு விளிம்பு வரை நிரப்பிய கண்ணாடி ஜாடி ஒன்று. எல்லாம் தெர்மாகோல் பெட்டியில் உண்மையான ஐஸ் கட்டியோடு, உறையாமல் 6 டிகிரிக்குள். ஐஸ் உருகிய தண்ணீர் ஜாடிக்குள் போகாமல் இரட்டைப் பை போடுங்கள். மெத்தனாலில் போட்ட மாதிரியை 14 நாளுக்குள் பகுத்து முடிக்க வேண்டும். டீசல் மாதிரியை 14 நாளுக்குள் கரைப்பானில் பிரித்து, அதிலிருந்து 40 நாளுக்குள் பகுக்க வேண்டும். மண்ணே போடாத ஒரு மெத்தனால் குப்பியும் அதே பெட்டியில் போய்வர வேண்டும். அதில் பென்சீன் தெரிந்தால், பெட்டிக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஆவி தாவியிருக்கிறது என்று பொருள்.

இந்த வகைச் சோதனைக்குப் பல இடத்து மண்ணை வாளியில் போட்டுக் கலக்கி ஒரே மாதிரியாக்குவது அறவே கூடாது. கலக்கும் நேரத்திலேயே நீங்கள் தேடுவது பறந்துவிடும். டீசல், ஃபர்னஸ் ஆயிலுக்கு மட்டும் கலவை மாதிரி எடுக்கலாம். அப்போதும் கலவையின் சராசரி, மோசமான ஒரு மூலையை மறைத்துவிடும். ஐந்து இடம் கலந்த மாதிரியில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் வந்தால், நான்கு இடம் சுத்தமாகவும் ஒரு இடம் 2,000 ஆகவும் இருந்திருக்கலாம்.

கேள்வி: கையில் பிடிக்கும் பி.ஐ.டி. மீட்டர் வாடகைக்கு வாங்கினோம். டீசல் கறை தெரியும் மண்ணிலும் 5, 10 என்றுதான் காட்டுகிறது. பழுதா? — வாசகர், கோவை

பழுதாக இருக்க வேண்டியதில்லை. பி.ஐ.டி. தன் உள்ளே இருக்கும் புற ஊதா விளக்கை வைத்து உணர்வது ஆவியை. டீசலிலிருந்து ஆவி குறைவாகத்தான் வரும். பழைய டீசலில் அதுவும் இருக்காது. பெட்ரோலுக்கு இது அருமையான கருவி, டீசலுக்குச் சுமார், ஃபர்னஸ் ஆயிலுக்கு ஏறக்குறையப் பயனில்லை. கருவி காட்டும் எண்ணும் மண்ணில் உள்ள அளவு அல்ல. ஐசோபியூட்டிலீன் வாயுவின் 100 பி.பி.எம்-ஐ வைத்துச் சரிபார்த்த கருவி, வரும் ஆவியை அந்த வாயுவாகவே நினைத்துக்கொண்டு சொல்லும் எண் அது. இந்த மண் அந்த மண்ணைவிட மோசமா என்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பை சோதனையை எப்போதும் ஒரே மாதிரி செய்தால்தான் ஒப்பிட முடியும். ஜிப் பையில் பாதி மண், பாதி காற்று. மூடி, கட்டிகளை விரலால் நசுக்கி, 15 வினாடி குலுக்குங்கள். 10 நிமிடம் விடுங்கள். மறுபடி 15 வினாடி குலுக்கி, பையின் ஓரத்தைக் கொஞ்சம் திறந்து, காற்றிருக்கும் பகுதியின் நடுவில் கருவியின் மூக்கை நுழையுங்கள், மண்ணைத் தொடக் கூடாது. முதல் சில வினாடிகளில் வரும் உச்ச எண்ணை எழுதுங்கள். காலையில் நிழலில் வைத்த பையையும் மதியம் வெயிலில் வைத்த பையையும் ஒப்பிட வேண்டாம். சூடு ஏறினால் ஆவி ஏறும். மழைக்காலத்தில் ஈரக்காற்று கருவியின் கணிப்பைக் குறைத்துவிடும். விளக்கில் நீர் படிந்தால் எண் தாறுமாறாக ஏறும். வெறும் காற்றிலேயே எண் ஏறி இறங்கினால் அன்று வடிகட்டியை மாற்றிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். 10.6 எலெக்ட்ரான் வோல்ட் விளக்குக்கு மீத்தேன் தெரியாது. ஆகவே சாக்கடை ஓரத்தில் இதில் எண் வந்தால் அது மீத்தேன் அல்ல என்று தைரியமாகச் சொல்லலாம்.

டீசலுக்குத் தட்டுச் சோதனை செய்யுங்கள். பிளாஸ்டிக் தட்டில் ஒரு கைப்பிடி மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, லேசாகச் சாய்த்து ஆட்டுங்கள். வானவில் படலம் பரவினால் குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெய்ப் படலம் பிரிந்த இடத்தில் மறுபடி ஓடி ஒட்டிக்கொள்ளும். அழுகிய இலையாலும் பாக்டீரியாவாலும் வரும் படலம் உடைந்த கண்ணாடிபோலத் துண்டு துண்டாக நிற்கும். சில ரூபாய் செலவில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமலே பலர் லேபுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

கேள்வி: எண்ணெயே சிந்தாத தோப்பு மண்ணை ஒப்பீட்டுக்காக அனுப்பினோம். அதில் 300-க்கு மேல் டி.பி.எச். வந்துவிட்டது. எப்படி? — வாசகர், பொள்ளாச்சி

வரும். கரைப்பான் பெட்ரோலியத்தை மட்டும் தேடி எடுக்காது. மட்கிய இலை, தென்னை மட்டை, சாணம் எல்லாவற்றிலும் உள்ள கொழுப்பையும் மெழுகையும் சேர்த்தே இழுத்துவரும். ஒப்பீட்டு மண்ணை அனுப்பியது நல்ல காரியம். அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்த 300-ஐயும் டீசல் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இனி லேபிடம் எண்ணை மட்டும் வாங்காமல், ஜி.சி. கருவி வரையும் குரோமட்டோகிராம் படத்தையும் கேளுங்கள். அதைப் படிப்பது கடினமல்ல. புதிய டீசல் என்றால் ஒரு மேடும், மேட்டின் மேல் சீப்புப் பல்போல ஒரே இடைவெளியில் நிற்கும் கூர்முனைகளும் தெரியும். முனைகள் 10-லிருந்து 25 கார்பன் வரையிலான நேர்ச்சங்கிலி ஆல்கேன்கள். நாளாக ஆக பாக்டீரியா முதலில் இந்தப் பற்களைத் தின்னும். 17 கார்பன் முனை தேய்ந்து, அதன் பக்கத்தில் இருக்கும், பாக்டீரியா எளிதில் தின்னாத பிரிஸ்டேன் என்ற சேர்மத்தின் முனை அதைவிட உயர்ந்து நின்றால் அது பழைய டீசல். என்ஜின் ஆயிலில் பல்லே இருக்காது. 20-க்கு மேல் தொடங்கி 40 வரை போகும் வழுவழுப்பான பெரிய மேடு மட்டும். தாவர மெழுகு என்றால் 27, 29, 31 என்று ஒற்றைப்படை முனைகள் உயர்ந்தும் இடையில் உள்ள இரட்டைப்படை முனைகள் குட்டையாகவும் இருக்கும். பெட்ரோலியத்தில் இந்த ஒற்றை-இரட்டை ஏற்றத்தாழ்வு இருக்காது. உங்கள் தோப்பு மண்ணில் இதைத்தான் பார்ப்பீர்கள் என்பது எங்கள் கணிப்பு.

சிலிகா ஜெல் வழியே வடித்துவிட்டால் தாவரக் கொழுப்பின் பெரும்பகுதி பிடிபட்டு நின்றுவிடும். ஆனால் டீசலை பாக்டீரியா பாதி தின்று போட்ட துணைப் பொருள்களும் அதிலேயே நின்றுவிடும். அவையும் நிலத்தடி நீரில் கரையக்கூடியவை. அதனால் வடித்த எண், வடிக்காத எண் இரண்டையும் வாங்கி அருகருகே வையுங்கள். மெழுகு முனைகள் வடித்தபின்னும் தெரியும், ஏனென்றால் அவையும் ஆல்கேன்களே. அவற்றைப் படத்தில் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

கேள்வி: ஒரே மண், இரண்டு லேப். ஒன்று 400, மற்றது 500. எதை நம்புவது? — வாசகர், மணலி

இரண்டையும் நம்பலாம். ஒரு லேப் ஈர மண்ணின் கிலோவுக்கும், இன்னொன்று உலர் எடைக்கும் சொல்லியிருந்தால் இதே வித்தியாசம் வரும். 20 சதவீதம் ஈரமுள்ள மண்ணில் ஈர எடைக்கு 400 என்றால், 400-ஐ 0.8-ஆல் வகுத்தால் உலர் எடைக்கு 500. வரம்புகள் பொதுவாக உலர் எடைக்கே. அறிக்கையில் அந்த வார்த்தை இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெத்தனால் மாதிரியில் ஈரம் இரண்டாவது முறையும் விளையாடும். 10 மில்லி மெத்தனாலில் 20 சதவீத ஈரமுள்ள 5 கிராம் மண் என்றால், மண்ணிலிருந்த 1 கிராம் நீரும் சேர்ந்து திரவம் 11 மில்லி ஆகிறது. திரவத்தில் மில்லிக்கு 2 மைக்ரோகிராம் பென்சீன் என்றால் மொத்தம் 22 மைக்ரோகிராம். உலர் மண் 4 கிராம். ஆகவே கிலோவுக்கு 5.5 மில்லிகிராம். நீரைச் சேர்க்காத லேப் 5 என்று எழுதியிருக்கும். களிமண்ணில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.

கல்லும் ஒரு காரணம். 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள சரளையை ஒரு லேப் சலித்து நீக்கி, இன்னொன்று நீக்காமல் விட்டால் எண்கள் ஒத்துவராது. எண்ணெய் ஒட்டுவது பெரும்பாலும் நுண்மண்ணில். இவை எல்லாம் சரியாக இருந்தும், அடுத்தடுத்து எடுத்த இரண்டு மாதிரிகளில் 30 சதவீத வித்தியாசம் மண்ணில் சாதாரணம். பத்து மாதிரிக்கு ஒன்றாவது இரட்டையாக எடுத்து, லேபுக்குச் சொல்லாமல் வேறு எண் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் தளத்தின் இயல்பான வித்தியாசம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: பள்ளத்தை எப்போது மூடலாம்? — வாசகர், வியாசர்பாடி

குவியலின் அறிக்கையை வைத்து மூடக் கூடாது. வெளியே எடுத்ததைப் பற்றித்தான் அது பேசும். உள்ளே மிஞ்சியதைப் பற்றிப் பள்ளத்தின் அடியும் நான்கு சுவர்களும் சொல்ல வேண்டும். டேங்கின் இரண்டு முனைகளுக்கும் நேர் கீழே, குழாய் வளையும் ஒவ்வொரு இடத்திலும், சுவர் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒன்று. பள்ளத்தில் இறங்கி எடுக்காதீர்கள். பொக்லைனை விட்டு அந்த இடத்தில் ஒரு கொத்து வாரச் சொல்லி, வாளி தரைக்கு வந்ததும் அதன் நடுப்பகுதியிலிருந்து, இரும்பைத் தொடாத மண்ணாக எடுங்கள். வாளியில் முந்தைய கொத்தின் எண்ணெய் ஒட்டியிருந்தால் அது உங்கள் மாதிரியில் வரும்.

உங்கள் பகுதியில் தண்ணீர் மட்டம்தான் முக்கியம். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு; கீழே இறங்கி நீர்மட்டத்தின் மேல் பரவி நிற்கும். மழையில் மட்டம் ஏறும்போது கூடவே ஏறும், கோடையில் இறங்கும்போது வழியெல்லாம் மண்ணில் பூசிக்கொண்டே இறங்கும். மட்டம் ஏறி இறங்கும் அந்தப் பட்டையில் சுவர் மாதிரி எடுக்காவிட்டால் அடி மண் சுத்தமாக வந்தும் பயனில்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள், வீட்டுக் கிணறுகளிலும் போர்வெல்களிலும் வந்து நின்றதை அந்தப் பகுதி மக்கள் பார்த்தார்கள். சுத்தமான மண்ணுக்கு அடியில் எரிபொருள் வெகுதூரம் பக்கவாட்டில் நகரும்.

கேள்வி: பள்ளத்தில் இறங்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு? — அதே வாசகர்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். பள்ளத்தின் அடியில் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். தீப்பற்றும் அந்தக் குறைந்தபட்ச அளவில் எத்தனை சதவீதம் ஆவி இருக்கிறது என்று காட்டும் எல்.இ.எல். மீட்டர் 10 சதவீதம் காட்டினாலே வேலையை நிறுத்தி ஆட்களை விலக்க வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. இவை போக, கிளறிய மண்ணின் செங்குத்துச் சுவர் முன்னறிவிப்பில்லாமல் சரியும். ஒரு மாதிரிக்காக எந்தத் தொழிலாளியையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

கேள்வி: எங்கட பக்கம் மேல்மண் ஒன்றிரண்டு அடிதான், கீழே சுண்ணாம்புக்கல். மண்ணைச் சோதித்தால் போதுமா? — வாசகர், சுன்னாகம்

போதாது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே எண்ணெய் நேராகக் கீழே இறங்கிவிடும். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவிலுள்ள மண்ணை எடுத்தால் சுத்தம் என்றே வரும். மேல்மண்ணை அகற்றியதும் பாறை முகத்தைக் கழுவாமல் பார்த்து, வெடிப்புகளுக்குள் நிரம்பியிருக்கும் செம்மண்ணைச் சுரண்டித் தனி மாதிரியாக எடுங்கள். அதோடு சுற்றுக் கிணறுகளின் நீரையும் சோதிக்க வேண்டும், மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. கிணற்று நீரின் மேல்மட்டத்திலிருந்தும் எடுங்கள். வாளியை ஆழத்தில் விட்டு எடுத்தால் மிதப்பது தப்பிவிடும்.

கேள்வி: எவ்வளவு இருந்தால் சுத்தம்? 5,000-க்குக் கீழே என்றால் கவலை இல்லையாமே? — வாசகர், கடலூர்

அந்த 5,000 மி.கி./கிலோ, 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் இரண்டாம் அட்டவணையில் வருவது. அதற்கு மேல் போனால் மண் அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்குத்தான் போக வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பரப்பலாம் என்று அந்த விதி சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் அடிப்படை வரம்பில் டீசல் 2,000. பெட்ரோல் 100, பென்சீன் இருந்தால் 30. பென்சீன் மட்டும் 0.03. ஒரே மண் 4,000 டீசலோடு இங்கே 'அபாயம் அல்ல', அங்கே வரம்பில் இரண்டு மடங்கு. மாசுபட்ட இடங்களுக்கென்றே 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை அறிவித்திருக்கிறது. உங்கள் இடத்தின் பயன்பாட்டைச் சொல்லி, எந்த வரம்பு பொருந்தும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு மாதிரி எடுங்கள். வரம்பு 0.03 ஆக இருக்கும்போது லேப் 0.5-க்குக் கீழே பார்க்க முடியாது என்றால் அந்த அறிக்கை எதையும் நிரூபிக்காது.

நல்ல மண்ணைக் கலந்து எண்ணைக் குறைக்கலாமா என்று மூன்று கடிதங்கள் கேட்கின்றன. கூடாது. எண்ணெய் ஒரு கிராம்கூடக் குறையாமல், கெட்ட மண் மட்டும் இரண்டு மடங்காகும்.

கேள்வி: டீசல் மண்ணைப் பரப்பி, சாணமும் உரமும் கலந்து பாக்டீரியா வைத்துச் சுத்தம் செய்கிறோம். எவ்வளவு உரம்? எப்போது சோதிப்பது? — வாசகர், ஈரோடு

கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் 100:10:1 என்பது வழக்கமான விகிதம். ஒரு டன் மண்ணில் 5,000 மி.கி./கிலோ என்றால் 5 கிலோ எண்ணெய். அதில் கார்பன் சுமார் 4.25 கிலோ. தேவைப்படும் நைட்ரஜன் 425 கிராம், அதாவது 46 சதவீத யூரியா சுமார் 0.9 கிலோ. பாஸ்பரசுக்கு சூப்பர் பாஸ்பேட் 600 கிராம் அளவுக்கு. மண்ணில் ஏற்கெனவே உள்ளதைக் கழித்துவிட்டு, இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் உப்பும் அம்மோனியாவும் பாக்டீரியாவையே கொல்லும். பரப்பும் கனம் 30 முதல் 45 சென்டிமீட்டர், பி.எச். 6 முதல் 8. ஈரம் மண் பிடிக்கக்கூடிய அளவில் 40 முதல் 85 சதவீதம். சேறானால் காற்று போகாது, காய்ந்தால் வேலை நின்றுவிடும். 50,000-க்கு மேல் எண்ணெய் உள்ள மண்ணில் இதைத் தொடங்காதீர்கள்.

முதல் சோதனை சாணமும் உரமும் கலந்து முடித்த மறுநாள். கலப்பதற்கு முன் எடுத்த எண்ணைத் தொடக்கமாக வைத்தால், சாணத்தின் எடை சேர்ந்து எண் குறைந்ததை பாக்டீரியாவின் சாதனை என்று எழுதிவிடுவோம். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே கட்டங்களிலிருந்து, அதே லேபில், சிலிகா ஜெல்லில் வடித்தும் வடிக்காமலும். பக்கத்தில் ஒரு சிறு பாத்தி மண்ணை உரம் போடாமல் அதே மாதிரி கிளறி வாருங்கள். அதிலும் அதே வேகத்தில் எண் இறங்கினால் அது உரத்தின் வேலை அல்ல, உங்கள் டீசல் ஆவியாகிப் போயிருக்கலாம். ஃபர்னஸ் ஆயிலும் கச்சா எண்ணெயும் என்றால் ஹோப்பேனையும் பார்க்கச் சொல்லுங்கள். பாக்டீரியா எளிதில் தொடாத சேர்மம் அது. டி.பி.எச்.-உம் ஹோப்பேனும் ஒரே விகிதத்தில் குறைந்திருந்தால், வேறு பொருள் கலந்ததால் எண் குறைந்ததுதான் நடந்தது. ஹோப்பேன் அப்படியே நிற்க டி.பி.எச். மட்டும் இறங்கியிருந்தால் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது.